இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில்

புதிதாகக் கறுப்புக் கோட்டு அணிந்திருக்கும் உங்களிடம் நான் வென்ற வழக்குகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்கள் விரும்பினார்கள். மன்னிக்கவேண்டும். நான் சொல்லப்போகும் வழக்கில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அது பாதி வழியில் செத்துப்போனது. என் தொழில் வாழ்க்கையில் என்னை அப்படிக் கதிகலங்க வைத்த வழக்கு வேறொன்று கிடையாது.

அதற்கு முதல் ஒரு விடயம். மகனுக்குப் பிணை கிடைத்தது என்று கேட்டதும் வீதியில் வெடி கொளுத்தப் போன ஒரு தாயை நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். பிணை என்றால் விடுதலை என்று அவர் நினைத்துவிட்டார். வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று சொன்னபோது, என்னைப் பொய் சொல்கிறவளைப் போலப் பார்த்தார். சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது நீதிமன்றம். அதை ரத்துச் செய்துவிட்டார்கள் என்று எண்ணி, அதே வம்பை மறுபடி செய்து உள்ளே போன ஒரு மனிதரையும் தெரியும். இவர்கள் ஒருவரும் மந்தமானவர்கள் அல்லர். வாயில் நுழையாத சொல் வந்தால் சனங்கள் கேட்பார்கள். ‘தீர்ப்பு’, ‘பிணை’, ‘மனைவி’ என்று வீட்டில் புழங்கும் சொல் வந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். தெரிந்த சொல்தானே என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சாந்தினியும் அப்படித்தான் தலையாட்டினார்.

அவர் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவோரம் இருந்த ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்தவர். நாற்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கோட்டும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, ஒரு குளிசையை எப்போது போடவேண்டும், எதோடு போடக்கூடாது என்று கிழவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். என்னுடைய பிரஷர் குளிசையும் அவரிடம்தான் வாங்குவேன். அப்படித்தான் பழக்கம்.

ஒருநாள் கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“மிஸ், நீங்கள் டிவோர்ஸ் கேஸ் எடுக்கிறனீங்களே?”

அவருடைய கணவர் ஸ்டான்லி கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை. சாந்தினி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், அவர் கொழும்புக் கத்தோலிக்கர். இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு விரும்பிக் கட்டியவர்கள். பிள்ளை கிடைக்கவில்லை. அதற்காகப் பார்க்காத டொக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை, வேண்டுதல் வைக்காத தேவாலயம் இல்லை. பிறகு ஒரு கட்டத்தில் ஸ்டான்லி, தாயின் பழைய வீட்டைப் பூசித் திருத்தவேண்டும் என்று கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினார். வார இறுதிகளில் போனவர் கிழமை நாட்களிலும் அங்கேயே தங்கினார். ஒருநாள் முற்றாகவே போய்விட்டார். அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறார் என்பது சாந்தினிக்குப் பார்மசிக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் வாயிலாகத் தெரியவந்தது. இருமல் பாணியைப் பையில் போட்டுக்கொடுத்தபடியே அதைக் கேட்டாராம்.

“எனக்கு அந்தாளிட்ட ஒண்டும் வேண்டாம் மிஸ். வீடு என்ர பேரில கிடக்கு. சம்பளம் இருக்கு. அவற்ற பேர் என்னை விட்டுப் போகவேணும். அவ்வளவுதான்” என்றார்.

கைவிட்டுப் போனார் என்ற காரணத்தில் வழக்குப் போட்டோம். ஸ்டான்லி அதை எதிர்க்கவில்லை. ஆனாலும் புதுக்கடை நீதிமன்றத்தில் தவணை தவணையாக இழுபட்டது. கடைசியில் ஒருநாள் சாந்தினி சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் தளும்பாமல் பதில் சொன்னார். நீதிபதி விவாகரத்து வழங்கினார்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். நம் சட்டத்தில் விவாகரத்து இரண்டு படியில் வருகிறது. முதலில் வருவது டிக்ரி நைசை. மூன்று மாதம் கழித்துத்தான் அது டிக்ரி அப்சலூட் என்ற முடிவான தீர்ப்பாக மாறும். உங்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. வெளியில் நிற்கிறவர்களுக்கு அது இரண்டு படி அல்ல, ஒரு படி. ‘கிடைத்துவிட்டது’, அவ்வளவுதான்.

நீதிமன்ற நடையில் வைத்துச் சாந்தினிக்கு விளக்கினேன்.

“இது முதல் தீர்ப்பு. மூண்டு மாசம் போனாப் பிறகுதான் முழுத் தீர்ப்பு வரும். அதுவரைக்கும் நீங்கள் இன்னும் கலியாணம் கட்டின ஆக்கள்தான். ரெண்டு பேரும் மறுமணம் செய்யேலாது.”

சாந்தினி சிரித்துவிட்டார். “நான் இனி ஆரை மிஸ் கட்டப்போறன்?”

நானும் சிரித்தேன். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. சட்டப் புத்தகத்தில் உள்ளபடிதான் சொன்னேன். ஆனால் அவருக்கு மறுமணம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அது தனக்குத் தேவையில்லாத சொல் என்பதால் மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்பை அவர் ‘நைஸ் பேப்பர்’ என்றுதான் சொல்லுவார்.

படியிறங்கும்போது ஸ்டான்லி எதிர்ப்பட்டார். தொப்பையும் நரைத்த மீசையுமாக, பார்த்தால் கோபிக்க முடியாத முகம். சாந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

“மிஸ், ஓகேயா? முடிஞ்சுதா?” என்று என்னிடம் கேட்டார்.

அவருக்கும் அதே மூன்று மாதத்தைச் சொன்னேன்.

“ஓ, மூணு மாசந்தானே” என்று சொல்லிக்கொண்டே, காதில் கைபேசியை வைத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினார்.

அந்த மூன்று மாதம் முடியவில்லை.

ஒரு காலை நேரம், நான் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது சாந்தினி அழைத்தார். குரலில் அழுகை இல்லை. குழப்பம்தான் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும்.

“மிஸ், பொலிஸில இருந்து கோல் எடுத்தவை. ஸ்டான்லி செத்துப்போனாராம். துறைமுகத்துக் கேற்றடியில விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே உயிர் போட்டுதாம். அவற்ற ஐடென்டிட்டி கார்ட்டில இன்னும் எங்கட வீட்டு அட்ரஸ்தானாம். பிரேதத்தைப் பாத்துச் சொல்ல வரட்டாம்.”

“கடவுளே” என்றேன்.

“நோனா, நீங்க அவருடைய மனைவிதானே எண்டு சிங்களத்தில கேட்டினம். நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு டிவோர்ஸ் கிடைச்சிட்டுது எண்டன். சரிதானே மிஸ்?”

நானும் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் அவர் விவாகரத்தானவர்தான். பிறகு மேசையில் கிடந்த தவணை டயரியில் கண் போனது. முடிவான தீர்ப்புக்கு நான் குறித்து வைத்த திகதி இன்னும் வந்திருக்கவில்லை.  நின்றுகொண்டிருந்த நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தீர்ப்புக்கும் முடிவான தீர்ப்புக்கும் நடுவில் ஒருவர் செத்தால், பிரிப்பதற்குத் திருமணம் இல்லை. அதை நீதிமன்றம் முறிக்கவில்லை, சாவு முறித்துவிட்டது. மிஞ்சியிருப்பவர் விவாகரத்தானவர் அல்லர். விதவை. இதைச் சட்டக் கல்லூரியில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வெள்ளைக் கோட்டோடு நிற்பார் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று மட்டும் உடனே விளங்கியது.

“சாந்தினி, திரும்ப எடுத்தா, லோயரோட வாறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் இப்ப வாறன்.”

அன்றைய வழக்கை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டோவில் ஏறினேன். பார்மசிக்குப் பின்னால், பெட்டிகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் அவரை உட்காரவைத்தேன். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நேராகவே சொன்னேன்.

“சாந்தினி, முழுத் தீர்ப்பு இன்னும் வரேல்லை. சட்டப்படி நீங்கள் இண்டைக்கு வரைக்கும் அவற்ற மனுசிதான். இப்ப நீங்கள் விதவை.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்துச் சீட்டில் டொக்டரின் கையெழுத்து விளங்காவிட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“இல்லை மிஸ். ஜட்ஜ் சொன்னவர். நான் என்ர காதால கேட்டனான்.”

“சொன்னவர்தான். அது முதல் தீர்ப்பு.”

“அப்ப நான் கூண்டில ஏறி, அத்தினை பேருக்கு முன்னால என்ர வீட்டுக் கதை எல்லாம் சொன்னது?” குரல் உயர்ந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பியிருப்பார்கள். “பிள்ளை இல்லாதது, அவர் விட்டிட்டுப் போனது, எல்லாம் சொன்னனானே! அது ஒண்டுக்கும் இல்லையா? அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க என்னை விட்டிட்டுப் போச்சு. செத்தாப் பிறகு வந்து என்ர கழுத்தில ஏறி இருக்குதா?”

 சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.  இளையவர்களே, சில நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் நம் தொழில்தான்.

சாந்தினி, “நான் போகாட்டி?” என்றார்.

“கட்டாயம் இல்லை. ஆனா மனுசி இருக்க, பொலிஸ் லேசில வேற ஆரிட்டயும் குடுக்காது. அவற்ற தங்கச்சி கனடாவில. அவ வரும் வரைக்கும் அங்கேயே கிடப்பார்.”

சாந்தினி எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “வாங்கோ” என்றார்.

பிரேத அறைக்கு முன்னால் ஒரு வாங்கு. அதில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சலோனில் வேலை செய்கிறவர்கள் போடும் சீருடை மேற்சட்டை, காலில் ஒரே சோடி அல்லாத இரண்டு செருப்பு. அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். பக்கத்தில் ஸ்டான்லியோடு வேலை செய்த ஒருவர் நின்றார். அவர் என்னிடம் வந்து, “இது செல்வி, மிஸ்” என்று தணிந்த குரலில் சொன்னார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சாந்தினி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரோரமாகப் போய் நின்றார்.

சார்ஜன்ட் கதவைத் திறந்துகொண்டு வந்து சிங்களத்தில் கேட்டார்.

“பார்யாவ கவுத?”

மனைவி யார் என்று.

“மம” என்று எழுந்தார் செல்வி. நான்தான் என்று. உடனேயே, யோசிக்காமல்.

 சார்ஜன்ட் செல்வியிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயர் பொருந்தவில்லை, முகவரி பொருந்தவில்லை. பதிவுத் திருமணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். செல்விக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் தமிழ்தான் வந்தது.

“இல்லீங்க, பதியப்போறோம். அவருக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சு. தீர்ப்புக் குடுத்த அன்னிக்குக் கேக் வாங்கிட்டு வந்தாரு. வீட்ல வச்சு வெட்டுனோம். இனிமே நீதான் எம் பொண்டாட்டின்னு சொன்னாரு. அவரே சொன்னாருங்க!”

கேக் என்றதும் சாந்தினியின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். தான் அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக முன்பு எனக்குச் சொல்லியிருந்தார்.

நான் முன்னால் போய், இறந்தவரின் மனைவிக்காக வந்திருக்கும் சட்டத்தரணி நான் என்று சார்ஜன்டிடம் சொன்னேன். வேறு வழி இல்லை. செல்வி என் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க லோயருங்களா? நீங்களாவது இவங்களுக்குச் சொல்லுங்க மிஸ். நா அவருக்கு யாருன்னு சொல்லுங்க.”

உங்களில் எவருக்கும் இப்படியொரு கேள்வி வரக்கூடாது. வந்தால் என்ன செய்வீர்கள்? அவர் என் கட்சிக்காரர் அல்லர். என் கட்சிக்காரர் நாலடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ‘சட்டப்படி’, ‘நெருங்கிய உறவினர்’ என்று வழுக்கிக்கொண்டு போக எனக்குச் சொற்கள் இருந்தன. அவற்றைச் சொன்னால் அந்தப் பெண் தலையாட்டுவார், ஒன்றும் விளங்காது, பிறகு யாரோ ஒரு எழுதுவினைஞர் அவரை விரட்டும்போது விளங்கும். பொய்யான ஆறுதலும் அப்படித்தான் முடியும். விளங்கும்படி சொல்வதென்று தீர்மானித்தேன்.

“தங்கச்சி, நீங்க அவரோட வாழ்ந்தது உண்மை. அதை ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேலாது. ஆனா டிவோர்ஸ் ரெண்டு தரம் குடுக்கவேணும். முதல் தரம்தான் குடுத்திருக்கினம். ரெண்டாவது வர முதலே அவர் போயிட்டார். அதால இண்டைக்குச் சட்டத்தில அவருக்கு மனைவி இவதான்.”

“அப்போ நா?”

“சட்டத்தில நீங்க அவருக்கு ஒருத்தரும் இல்லை.”

 செல்வி என் கையை விட்டார். பிறகு அந்தக் கை தன் வயிற்றுக்குப் போனது.

“அப்போ இது?” என்றார். “இதுவும் யாருமில்லையா?”

தளர்ந்த மேற்சட்டைக்குள் எனக்கு அதுவரை தெரியவில்லை. நான் திரும்பிச் சாந்தினியைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. இத்தனை வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பெண்ணின் முகத்தை அந்த நேரத்தில் யாரும் பார்க்கக்கூடாது.

சாந்தினி வேகமாக வெளியே போனார். நான் பின்னால் போனேன். அம்புலன்ஸ் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றார். 

“மிஸ், பிரேதம் என்ர கையிலதானே? நான் எங்கை கொண்டு போனாலும் ஆரும் கேக்கேலாதுதானே?”

“ஓம்.”

“அப்ப நான் குடுக்கமாட்டன். வெள்ளவத்தைக்குக் கொண்டு போவன். எந்த வீட்டை விட்டிட்டுப் போனவரோ அந்த வீட்டுக்குத்தான் வரவேணும். அவள் கேக் வெட்டினவளெல்லோ. இதுக்கும் வந்து வாசலில நிக்கட்டும்.”

சட்டம் முழுக்க அவர் பக்கம் நின்றது. என் கடமை அதைச் சொல்வது, சொன்னேன். எந்தப் பக்கமும் தள்ளவில்லை. அப்படித் தள்ள எனக்கு உரிமை இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டேன்.

“முதல்ல அவரைப் பாப்பமா?”

உள்ளே போய்ப் பார்த்தார். அவர்தான் என்று சார்ஜன்டிடம் சொன்னார். நான் எதிர்பார்த்ததுபோல் அழவில்லை. ஸ்டான்லியின் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டார், கடைக் கண்ணாடியில் தூசு துடைப்பதுபோல. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், இறந்தவரின் சட்டைப் பையில் இருந்தவற்றை ஒரு தாளில் பரப்பிக் காட்டினார்கள். அதில் குளிசை அட்டை ஒன்றும் இருந்தது. ஒரு குளிசைகூட மிச்சமில்லாத வெறும் அட்டை. சாந்தினி அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பழக்க தோசம்.

வாங்கில் இருந்த செல்வி அதைக் கண்டதும் விம்மி வெடித்தார்.

“நாந்தான் கொன்னுட்டேன். முந்தாநாளே மாத்திரை முடிஞ்சு போச்சு. வாங்கணும்னு அட்டைய சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு மறக்காம இருக்க. நா வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு சலோன்ல கல்யாணப் பொண்ணு அலங்காரம் இருந்திச்சுன்னு மறந்துட்டேன். நேத்தும் போடல, இன்னிக்கும் போடல. நாந்தாங்க அவர...”

தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டான்லியின் நண்பருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சாந்தினி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றார். அந்த இடத்தில் அவர் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் சாகும்வரை அந்தச் சுமையோடு போயிருப்பார். யாரும் சாந்தினியைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவருக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். 

அவர் போய் வாங்கில், செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இஞ்ச பாருங்கோ. அடிக்கிறதை நிப்பாட்டுங்கோ. நான் பார்மசிஸ்ட். இந்தக் குளிசை எனக்குத் தெரியும். ரெண்டு நாள் போடாட்டி ஒருத்தரும் இப்பிடிச் சாகிறேல்லை. அவருக்கு இருதயம் எப்பவோ பழுது. தகப்பனும் இதே வயசில இப்பிடித்தான் விழுந்தவர். என்னோட இருக்கேக்கயும் குளிசையைத் தலகாணிக்குக் கீழ ஒளிச்சு வைச்சுப்போட்டுப் போட்டனான் எண்டு சொல்லுற மனுசன் அவர்.”

செல்வி நிமிர்ந்து பார்த்தார். “அங்கயுமா அக்கா?”

“அங்கயும்தான்.”

அவர் சொன்னது வைத்திய ரீதியாக எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியாது. பின்னர் ஒருநாளும் நான் அதைக் கேட்கவில்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரி எங்களை அறைக்குள் அழைத்தார். சாந்தினியிடம் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார். சாந்தினி ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன்.

“மனைவி” என்றார். அந்தச் சொல்லைக் கழற்றி எறிய என்னிடம் வந்தவர் அவர்.

பூதவுடலை எங்கே கொண்டு போகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. வெள்ளவத்தை முகவரியைச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். சாந்தினி எழுந்து கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்து, “உங்கட வீட்டு நம்பர் என்ன?” என்று கேட்டார். செல்விக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டபோது கொட்டாஞ்சேனை முகவரியைத் திக்கித் திக்கிச் சொன்னார். அதையே சாந்தினி அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அதையே எழுதிக்கொண்டார்.

இருவரும் ஓட்டோவில் திரும்பினோம். பம்பலப்பிட்டி தாண்டியபோது சாந்தினி, “நான் அவளை மன்னிச்சனான் எண்டு நினையாதேங்கோ மிஸ்” என்றார். நான் அப்படி நினைக்கவில்லை என்றேன். அடக்கத்துக்கு அவர் போகவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். விவாகரத்தில் முதல் தீர்ப்பு வந்ததும் கட்சிக்காரரிடம் மறுமணத்தைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. “நாளைக்கு அவர் செத்தா நீங்கள் ஆர்?” என்று கேட்பேன். திடுக்கிட்டுப் போவார்கள். சிலர் கோபித்தார்கள். ஒருவர், நான் சாபம் போடுகிறேன் என்று வேறு லோயரிடம் போய்விட்டார். போகட்டும். ஒரு சட்டச் சொல்லின் பொருள் அகராதியில் இல்லை. ஏதாவது கெட்டது நடக்கும் நாளில் அந்தச் சொல் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் அதன் பொருள். பிணை கேட்டவரிடம், “அடுத்த தவணைக்கு வராவிட்டால் என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். பிணையாளியாகக் கையெழுத்து வைக்க வந்தவரிடம், “உங்கள் நண்பர் ஓடிவிட்டால் பொலிஸ் யார் வீட்டுக்கு வரும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவருக்கு இன்னும் விளங்கவில்லை என்று பொருள். அவர் தலையாட்டுவதை நம்பாதீர்கள்.

வழக்கை முறைப்படி முடிக்கவேண்டியிருந்தது. மரணச் சான்றிதழோடு புதுக்கடைக்குப் போனோம். வழக்கு அழைக்கப்பட்டது. எதிராளி இறந்துவிட்டார் என்று நான் சொன்னேன். இந்த வழக்கு அற்றுப்போகிறது என்று நீதிபதி கட்டளையிட்டார். இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

திரும்பினால், கடைசி வாங்கில் செல்வி இருந்தார். இப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. யார் தவணையைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. நடைக்கு வந்ததும் அவர் எங்களை நோக்கி வந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். சாந்தினியிடம் போனார்.

“அக்கா, அத்துப்போச்சுன்னா என்னா? டிவோர்ஸ் ஆயிடுச்சா, ஆகலையா?”

“ஆகேல்லை” என்றார் சாந்தினி. “அவர் என்ர மனுசனாத்தான் செத்தவர். ஆனா உம்மோடதான் இருந்தவர். ரெண்டும் உண்மை. கோர்ட்டால ஒண்டைத்தான் எழுத ஏலும்.”

செல்வி தன் வயிற்றில் கை வைத்தார். பிறகு கேட்டார்.

“இதுக்குப் பேரு பதியப் போனா அப்பா பேர எழுதமாட்டாங்களாம். கோடு போட்டு விட்டுருவாங்களாம். நெசமா?”

சாந்தினி என்னைப் பார்த்தார். திருமணம் இல்லை; தகப்பன் நேரில் வந்து ஒப்புக்கொள்ளவும் முடியாது. நிஜம்தான் என்றேன். நீதிமன்றம் போனால் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அவர்தான் தகப்பன் என்று நம்பத்தகுந்த யாராவது சாட்சி சொல்லவேண்டும், அது இலேசான காரியம் அல்ல என்றும் சொன்னேன்.

சாந்தினி கைப்பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் சொல்லுறன் மிஸ்” என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். “என்ன?”

“நான் கூண்டில ஏறிச் சொல்லுறன், அது அவற்ற பிள்ளைதான் எண்டு. என்னை விட்டிட்டு அவர் எங்கை போனவர், ஆரோட இருந்தவர் எண்டு என்னைவிட வடிவாத் தெரிஞ்ச ஆள் ஆர் இருக்கு? அவற்ற மனுசி சொன்னாக் கோர்ட் நம்பும்தானே?”

 இத்தனை வருடத்தில் அப்படியொரு சாட்சியை நான் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

சொன்னபடியே சாந்தினி கூண்டில் ஏறினார். நீதிமன்றம் நம்பியது.